ஆடியில் வெட்டினால் ஐப்பசியில் பூ

என் அம்மா கொஞ்ச காலம் தேனீ வேலை பார்த்தவர். கேலிக்குச் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் நிபோங் திபால் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவருக்குக் கொடுத்த வேலையே அதுதான். செம்பனையில் ஆண் குலை தனி, பெண் குலை தனி. ஆண் குலையை உலுக்கி மகரந்தம் சேர்த்து, டால்க் மாவோடு கலந்து, ஊதுகிற டப்பாவில் அடைத்துக் கொடுப்பார்கள். பெண்கள் வரிசை பிடித்து மரம் மரமாகப் போய், விரிந்திருக்கும் பெண் குலையைத் தேடி, முள்ளுக்குள் கையை விட்டு ஊதிவிட்டு வர வேண்டும். "பவுடர் அடிக்கிற வேலை" என்றுதான் அம்மா இன்றும் சொல்வார். காற்று திரும்பினால் முகமெல்லாம் பவுடர்.

1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கூன்வண்டு. செம்பனையின் ஆண் குலையில் முட்டையிடும், வாசம் பிடித்துப் பெண் குலைக்கும் போய்வரும். ஆப்பிரிக்காவில் அந்த வேலையைக் காலங்காலமாக அதுதான் செய்துகொண்டிருந்தது. மரத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் அதன் வண்டை அங்கேயே விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். வண்டு பரவியதும் டப்பாக்கள் ஸ்டோருக்குள் போய்விட்டன. அம்மாவுக்கு மறுபடியும் புல்வெட்டு. "எள்ளு மாதிரி இருக்கும். அது வந்து எங்க அத்தன பேரு வேலையையும் தின்னுட்டுப் போயிருச்சு" என்பார். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

பூவுக்கு யாராவது வந்துதான் ஆகவேண்டும், வராவிட்டால் காய் இல்லை என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அது சம்பள விஷயமாக இருந்தது.

இப்போது பினாங்கில், சுங்கை ஆராவில் ஒரு மூலை டெரஸ் வீட்டில் இருக்கிறோம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருபது அடிக்குப் பன்னிரண்டு அடி மண் இருக்கிறது. அதைத் தோட்டம் என்று சொன்னால் அம்மா சிரிப்பார். எங்களுக்குத் தோட்டம் என்றால் ஆயிரம் ஏக்கர், கங்காணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. இதற்கு அம்மா வைத்த பெயர் "செடி வச்ச எடம்". இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வந்தால், பால் ஊற்றாத ஒரு கோப்பி ஓ போட்டுக்கொண்டு அந்த இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் தூங்கப் போவேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்ததுதான்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தது என் தங்கச்சி. இங்கிலாந்தில் லீட்ஸில் நர்ஸாக இருக்கிறாள். 2016 அக்டோபரில் அவளுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாவை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மரமெல்லாம் இலை கொட்டிக்கொண்டிருந்தது, காலையில் வாயைத் திறந்தால் புகை. ஆனால் அடுத்த வீட்டுக் கிழவியின் வாசலில் மட்டும் திருவிழா மாதிரி கூட்டம். செடம் என்று ஒரு செடி. தடித்த இலை, தட்டை கவிழ்த்த மாதிரி செங்கல் நிறப் பூக்கொத்து. ஒரு தட்டில் ஏழெட்டுத் தேனீ. கம்பளி போர்த்திய மாதிரி குண்டுத் தேனீ ஒன்று, குளிரில் நகரக்கூட முடியாமல் பூவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஊதா ஆஸ்டர், மஞ்சள் ருட்பெக்கியா, ஜப்பான் அனிமோன். எல்லாமே பல்லாண்டுச் செடிகள். குளிர்காலத்தில் மேலே காய்ந்துபோய், வேர் மட்டும் மண்ணுக்குள் தூங்கி, வசந்தத்தில் திரும்ப முளைப்பவை. ஒருமுறை நட்டால் போதும்.

அந்த அடுத்த வீட்டுக் கிழவி பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, தங்கச்சிதான் சொன்னாள். குண்டுத் தேனீக் கூட்டில் குளிருக்கு முன்னால் எல்லாமே செத்துப்போகும், பழைய ராணியும் சேர்த்து. அந்த வருஷம் பிறந்த புது ராணிகள் மட்டும் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அக்டோபரில் பூ இல்லையென்றால் அடுத்த வருஷம் கூடு இல்லை. அதற்காகத்தான் அங்கே "கடைசிப் பருவத்துப் பூ" என்று தனியாகத் தேடி நடுகிறார்கள். நாம் கண்ணுக்காக நடுவோமே, அதோடு இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் சொன்னார். மே மாதக் கடைசியில் லண்டனில் செல்சி மலர்க் கண்காட்சி நடக்கும். அந்தச் சமயத்தில் இந்தச் செடிகளை மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றைப் பாதி வரைக்கும் வெட்டிவிடுவார்களாம். வெட்டிய இடத்தில் நாலைந்து கிளை வரும், செடி குட்டையாகப் புதராகும், பூ சில வாரம் தள்ளி வரும். "செல்சி வெட்டு" என்றே அதற்குப் பெயர். அப்போது அதைக் காதில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். என் ஆசையெல்லாம் அந்தச் செடத்தின் மேல் இருந்தது.

வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும், அந்த வம்பு வேண்டாம் என்று ஊருக்கு வந்து இணையக் கடையில் தேடினேன். ஆஸ்டரும் எக்கினேசியாவும் விதையாகக் கிடைத்தன. செடம் சின்னச் சாடியில் வந்தது. 2017 முழுக்க அவற்றுக்குத்தான் நான் வேலைக்காரன். எக்கினேசியா முளைத்து, நாலு இலை விட்டு, கழுத்தில் கருத்து விழுந்தது. செடம் ஜெல்லி மாதிரி கரைந்துபோனது. ஆஸ்டர் மட்டும் உயிரோடு இருந்தது, ஆனால் தண்டு நீளவே இல்லை. தரையோடு தரையாக இலையை வட்டமாக விரித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அப்புறம் நவம்பர் 4 வந்தது. பினாங்கில் இருந்தவர்களுக்கு அந்த வெள்ள ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை செடி வைத்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று நாள் கழித்து வடிந்தபோது என் சீமைச் செடிகள் இருந்த இடத்தில் சேறுதான் மிச்சம். ஆனால் வேலியோரமாக, நான் நடாமல் தானாக முளைத்து, வெட்ட வேண்டும் வெட்ட வேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்த செண்டுடுக் என்கிற ஒரு காட்டுப் புதர், சேறு பூசிய இலைகளோடு ஐந்தாறு ஊதாப் பூ பூத்து நின்றது. அதில் ஒரு பெரிய கருவண்டு.

அந்த ஒரு காலைக்கு அப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தேன். ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களில் "தாங்கும் செடி" என்றால் பனியைத் தாங்கும் என்று பொருள். இங்கே பனி எங்கே இருக்கிறது? நம் செடி தாங்க வேண்டியது மழையை. இன்னும் சரியாகச் சொன்னால், நாள் கணக்கில் வேர் நனைந்தே கிடப்பதை.

வெயில் நேரமும் ஒரு காரணம் என்று பின்னால் புரிந்தது. லீட்ஸில் ஜூன் மாதப் பகல் பதினேழு மணி நேரம், டிசம்பரில் எட்டுக்கும் குறைவு. ஆஸ்டரும் செவ்வந்தியும் அந்தக் கணக்கை வைத்துத்தான் எப்போது வளர்வது, எப்போது பூப்பது என்று முடிவு செய்கின்றன. பினாங்கில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. இங்குள்ள கேமரன் மலைக்கு ராத்திரியில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், செவ்வந்திப் பந்தல்களில் விடிய விடிய விளக்கு எரியும். பகல் நீளம் என்று செடியை ஏமாற்றுகிறார்கள். ஏமாற்றாவிட்டால் ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும், பூக்கடைக்கு ஆகாது. என் ஆஸ்டருக்கு நான் விளக்குப் போடவில்லை. போட்டால் மின்சாரக் கட்டணத்தை அம்மா என் தலையில் கட்டுவார்.

அதற்காக நம் ஊர்ச் செடிகளுக்குக் காலமே தெரியாது என்று நினைக்க வேண்டாம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு வளரும் புறா ஆர்க்கிட் இருக்கிறதே, அது வெயில் நாளில் திடீரென்று பெருமழை பெய்து காற்று குளிர்ந்தால், அன்றிலிருந்து ஒன்பதாவது நாள் பூக்கும். ஒரு வட்டாரத்தில் இருக்கும் எல்லாச் செடியும் ஒரே காலையில். வெள்ளையாய், வாசனையாய், மாலைக்குள் முடிந்துபோகும். நாள்காட்டி பார்க்காத செடி, மழையைப் பார்க்கிறது.

சரி, நமக்குக் "கடைசிப் பருவம்" எது? பினாங்கில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். வருஷத்தின் பெருமழை இந்த மாதங்களில்தான். கோலாலம்பூரில் இருக்கும் மச்சான் அக்டோபர், நவம்பர் என்பான். அங்கே ஏப்ரல் பக்கமும் இன்னொரு மழைக்காலம் உண்டு. தீபாவளி விழுவதும் இந்த நடுவில்தான். வீட்டுக்கு வெள்ளை அடித்து, முறுக்கு சுட்டு, வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்து பார்த்தால், செடியெல்லாம் பச்சையாக இருக்கும், பூ இருக்காது. சாலை நடுவில் வைத்திருக்கும் காகிதப்பூவைக் கவனியுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இலையே தெரியாமல் பூக்கும், அக்டோபரில் வெறும் முள்ளும் இலையும். அது வறட்சியில் பூக்கிற ஜாதி. தப்பு அதன் மேல் இல்லை.

தேனீக்களுக்கும் இது கஷ்டகாலம்தான். மழையில் பறக்க முடியாது. மழை விட்டால் பூவில் தேன் கழுவிப்போயிருக்கும். பெட்டியில் வளர்க்கிறோமே, அந்த அடுக்குத் தேனீ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தீனி குறைந்தால் ராணியோடு மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடும். காலையில் பெட்டியைத் திறந்தால் வெறும் மெழுகு. ஆனால் கெலுலுட், நம் ஆட்கள் கொசுத்தேனீ என்பது, அப்படிப் போக முடியாது. அதன் ராணி முட்டையிட ஆரம்பித்ததும் வயிறு பருத்துவிடும், அப்புறம் பறக்கவே முடியாது. ராணியை விட்டுவிட்டு மற்றவை எங்கே போகும்? பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மரப்பொந்துதான்.

பாலேக் பூலாவில் ஒருவரிடம் கெலுலுட் இருக்கும் ஒரு மரக்கட்டையை வாங்கி வைத்திருக்கிறேன். பிசினால் செய்த குழல் வாய், அதில் எந்நேரமும் நாலு பேர் காவல். அந்தக் கட்டை வந்த பிறகு என் கணக்கு மாறிவிட்டது. எனக்குப் பிடித்த நிறம் எது என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. இவர்கள் அக்டோபரில் என்ன சாப்பிடுவார்கள் என்பது முதல் கேள்வி.

முதலில் செண்டுடுக். நர்சரிக்காரர்கள் சிரிப்பார்கள், காசு கொடுத்து வாங்குகிற செடியா இது என்று. குன்று வெட்டிய சரிவிலும், பாழ் நிலத்திலும், ரப்பர் தோட்ட வேலியிலும் தானாக வளரும். அமிலம் ஏறிய மண்ணில் கரையும் அலுமினியம் மற்றச் செடியின் வேரைக் கொல்லும், இதற்கு அது ஊட்டம். அதனால் சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்துகிறேன் பேர்வழி என்று இதைக் கெடுக்காதீர்கள். வருஷம் முழுக்கப் பூக்கும். ஒரு பூவுக்கு ஒரே நாள் ஆயுசு, ஆனால் மறுநாளைக்கு மொட்டு தயாராக இருக்கும். சின்ன வயதில் இதன் பழத்தைத் தின்றுவிட்டு ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டுவோம், கருநீலமாக இருக்கும். தாவரவியலில் இதற்கு வைத்த மெலஸ்டோமா என்ற கிரேக்கப் பெயருக்கும் "கருத்த வாய்" என்றுதான் அர்த்தமாம். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் நாக்கை நீட்டியிருப்பார்கள் போலிருக்கிறது.

இந்தப் பூவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஐந்து ஊதா இதழ். நடுவில் இரண்டு வகை மகரந்தக் கேசரம். ஒன்று குட்டையாக, பளிச்சென்று மஞ்சள். இன்னொன்று நீளமாக, ஊதாவாக, கொக்கி போல வளைந்து இதழின் நிறத்திலேயே ஒளிந்துகொள்ளும். தேன் கிடையாது, ஒரு சொட்டுகூட. மகரந்தம் மட்டும்தான், அதுவும் குழலுக்குள் பூட்டி வைத்திருக்கும், நுனியில் ஊசித் துளை. மழை பெய்தாலும் உள்ளே நனையாது. சாதாரணத் தேனீ வந்து சுரண்டிப் பார்த்துவிட்டுப் போகும். கருவண்டுக்குத்தான் சாவி தெரியும். வண்டு என்கிறோமே தவிர அதுவும் தேனீ இனம்தான், உத்திரத்தைத் துளைத்து வீடு கட்டுவது. பறந்து வரும்போது ஒரு சத்தம் இருக்கும், கனமான ரீங்காரம். பூவைக் காலால் இறுக்கிப் பிடித்ததும் சத்தம் நிற்கும். இறகு அசையாது. ஒரு நொடி. அப்புறம் "ஜ்ஜ்ஜீ" என்று மெல்லிய, உயர்ந்த சத்தம் வரும், பல் டாக்டரின் கருவி மாதிரி. இறகை மடக்கிக்கொண்டு நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிடுகிறது. அந்த அதிர்வில் துளையிலிருந்து மகரந்தம் புகையாகச் சிந்தும். மஞ்சள் கேசரத்தில் அது தீனி எடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒளிந்திருக்கும் ஊதாக் கேசரம் அதன் உடம்பில் பூசிவிடும். அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்வது அந்தப் பூச்சுதான்.

நான் இதை முதல்முறை கவனித்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கும் பவுடர் அடிக்கத் தெரியுது" என்றார்.

இரண்டாவது, டர்னெரா. பெயர் தெரியாவிட்டாலும் செம்பனைத் தோட்டத்துச் சாலையோரங்களில் வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை இதழ், நடுவில் கருத்த வட்டம், மஞ்சளிலும் உண்டு. அழகுக்காக அங்கே நடவில்லை. செம்பனை இலையைத் தின்னும், பைக்குள் வாழும் புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் வேண்டும், அதற்காக நடுகிறார்கள். மருந்து அடிக்கும் செலவு குறையும். என் தோட்டத்திலும் அதுவே நிறைய வேலை செய்கிறது. காலை எட்டு மணி போல விரியும், பன்னிரண்டுக்குள் மூடிக்கொள்ளும். முதலில் இது எனக்குக் குறையாகப் பட்டது. மத்தியானம் விருந்தாளி வந்தால் காட்ட ஒன்றும் இருக்காதே! ஆனால் மழைக்கால மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். அதற்குள் கடையைத் திறந்து, வியாபாரம் முடித்து, கதவைச் சாத்திவிடுகிறது. எட்டரை மணிக்கு ஒரு பூவுக்குள் மூன்று கெலுலுட் முண்டிக்கொண்டு நிற்கும். மழைக்காலத்துக்குச் செடி வாங்குகிறவர்கள் பூவின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் எத்தனை மணிக்கு விரியும் என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகோடாப் பூ, கெக் லோக் சி புத்தர் கோயில் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காய் ஒன்றரை அடிக்குச் செம்மஞ்சள் நிறத்தில் எழும்பும். கருப்பு வால்சிறகு வண்ணத்துப்பூச்சிகளுக்கு உயிர். நிழலிலும் வரும், ஆனால் வேரிலிருந்து கன்று கன்றாகப் பக்கத்து வீடு வரைக்கும் போகும். எனக்கும் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டிக்கும் இதனால் ஒரு சின்ன மனஸ்தாபம்கூட வந்தது. இப்போது அவரும் வளர்க்கிறார். சீமைநாயுருவி, நீலப்பூ, குச்சியில் நாளுக்கு நாலைந்தாக ஏறிக்கொண்டே போகும், ஒரு குச்சி பல வாரம் தாங்கும். கண்ட இடத்தில் முளைக்கும், பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கொடி ரோஜா, மலாய்க்காரர்கள் "மணப்பெண் கண்ணீர்" என்று சொல்லும் இளஞ்சிவப்புக் கொடி, தேனீக்களுக்குக் கல்யாண விருந்து. வேலி இரும்பாக இருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

இட்லிப்பூ எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பூவின் நடு நரம்பை உருவித் தேன் உறிஞ்சாத பிள்ளை நம்மில் யார்? ஆனால் அந்தக் குழல் நீளம், கெலுலுட்டின் நாக்கு எட்டாது. வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் மட்டும் அது விருந்து. நிறத்துக்காக ஒன்றிரண்டு வையுங்கள், அதையே சுற்றிலும் வேலியாக வைத்துவிட்டுத் தேனீ வரவில்லையே என்று கேட்காதீர்கள். செம்பருத்தியில் ஒற்றை அடுக்கு. 1960இல் தேசிய மலராக அறிவித்த புங்கா ராயா அதுதான். அடுக்குச் செம்பருத்தி பார்க்க அடர்த்தியாக இருக்கும், ஆனால் கேசரமெல்லாம் இதழாக மாறிப்போன பூ அது. தேன்சிட்டு வந்து அலகை விட்டுப் பார்த்துவிட்டு ஏமாந்து போவதை நான் எண்ணியிருக்கிறேன், ஒரே காலையில் நாலு தடவை. அதன் பிறகு அந்தச் செடியைச் சாடியோடு மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன்.

துளசி விஷயத்தில் வீட்டில் பஞ்சாயத்து. கதிர் விட்டால் அம்மா உடனே கிள்ளிவிடுவார், இல்லாவிட்டால் செடி முற்றிப் போய்விடும் என்று. அது சரிதான். ஆனால் துளசி கதிர் விட்டு நிற்கும்போது பாருங்கள், மழை விட்ட பத்தாவது நிமிடம் அதில்தான் முதல் தேனீ உட்காரும். கடைசியில் பாகப்பிரிவினை செய்துகொண்டோம். முன்வாசல் மாடத்தில் இருப்பது பெருமாளுக்கு, அம்மா கிள்ளலாம். பின்னால் இருக்கும் மூன்று செடியும் தேனீக்களுக்கு, யாரும் தொடக்கூடாது.

கறிவேப்பிலையில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். அதில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கும், பெரிதானதும் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். பகோடாப் பூவுக்கு வருகிற வால்சிறகு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அதுதான். இதைச் சொன்னால் அம்மா, "ரசத்துக்கு எதப் போடுறது, ஒன் வண்ணத்துப்பூச்சியவா?" என்கிறார். எதிர்வாதம் இல்லை. நர்சரியில் இன்னொரு கன்று வாங்கி வேலியோரம் வைத்தேன். புழுக்களைப் பிடித்து அங்கே இடம் மாற்றுவது என் வேலை.

இப்போது வெட்டு. செண்டுடுக்கும் டர்னெராவும் எப்போதும் பூப்பவை என்றாலும், விட்டுவிட்டால் காலெல்லாம் மொட்டையாகி உச்சியில் நாலு பூ இருக்கும். 2018இல் ஒருநாள் செல்சி வெட்டு ஞாபகம் வந்தது. அங்கே குளிருக்கு முன்னால் கடைசிப் பூ வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டுகிறார்கள், நாம் தீபாவளியிலிருந்து பின்னால் எண்ணி வெட்டினால் என்ன? முதல் வருஷம் ஆறு வாரம் முன்னால் வெட்டினேன், தீபாவளிக்கு மொட்டுதான் இருந்தது. அடுத்த வருஷம் பன்னிரண்டு வாரம், பாதி பூ முன்னாடியே முடிந்துவிட்டது. பத்து வாரம் என் மண்ணுக்குச் சரியாக இருக்கிறது. அதாவது ஆடி மாதக் கடைசி, தீபாவளி தள்ளி விழுந்தால் ஆவணி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று அம்மா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தது, நான் லீட்ஸ் வரைக்கும் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன்.

செண்டுடுக்கை மூன்றில் ஒரு பங்கு, பகோடாவைப் பாதி, இட்லிப்பூவை நுனி மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். நான் ஒரு வருஷம் அப்படிச் செய்து, மூன்று வாரம் கெலுலுட் கட்டையின் வாயில் நடமாட்டமே குறைந்துபோனது. இப்போது பாதியை ஒரு ஞாயிறு, மீதியை மூன்று வாரம் கழித்து. மழைக்காலம் தொடங்கிய பிறகு பெரிய வெட்டு வேண்டாம், வெட்டுவாயில் தண்ணீர் இறங்கிக் கிளை அழுகும்.

மண்ணைப் பற்றி ஒன்றுதான். உயர்த்துங்கள். ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மண்ணோடு ஆற்று மணலும் கருக்கிய உமியும் கலந்து போட்டேன். நர்சரியில் "செக்காம் பாக்கார்" என்று கேட்டால் மூட்டையாகத் தருவார்கள். வெள்ளத்துக்குப் பிறகு நான் செய்த ஒரே செலவு அதுதான், சாகிற செடி பாதியாகக் குறைந்தது. சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் அபராதம், செடியும் அழுகும்.

கொசு என்றதும் ஒரு மனக்குறை. போன வருஷம் எங்கள் வரிசையில் ஒரு டிங்கிக் காய்ச்சல். புகை அடிக்க வந்தார்கள், வரட்டும், காய்ச்சல் விளையாட்டு இல்லை. ஆனால் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, கெலுலுட்டுகள் வெளியே இருக்கும்போதே, முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் வேலிக்கு மேலே குழாயை நீட்டி அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கட்டைக்குக் கீழே கையில் அள்ளுகிற அளவுக்குச் செத்துக் கிடந்தன. கூடு தப்பித்தது. இப்போது வரிசையில் யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலே, இருட்டியதும் கட்டையின் வாயில் வலைத்துணி கட்டி, மேலே ஈரத் துண்டைப் போர்த்திவிடுகிறேன். காலையில் எடுத்துவிடுவேன்.

இந்த வருஷம், 2025இல், தீபாவளி அக்டோபர் 20. ஆகஸ்ட் 10, ஆடிக் கடைசி ஞாயிறன்று முதல் பாதியை வெட்டினேன். இன்றோடு ஐந்து வாரம். செண்டுடுக்கில் கிளைக்குக் கிளை செம்பட்டை முடி போர்த்திய மொட்டு. பகோடா இன்னும் இலைதான் விடுகிறது, அது எப்போதும் கடைசி. பத்தாவது வாரம் வரைக்கும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இன்று காலை வந்தபோது தூறல். பக்கவாட்டில் அம்மா குடை பிடித்துக்கொண்டு பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் நின்றார். மழை நாளில் பூசணிக்கு ஒன்றும் வராது என்பது அவர் முடிவு, அதனால் ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவில் தானே தடவிவிடுவார். எழுபது வயதைத் தாண்டியும் அந்த வேலையை மட்டும் விடவில்லை. நான் கோப்பியோடு போய் நின்றேன். அம்மா குனிந்து பெண் பூவைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு கெலுலுட், நனைந்த உடம்போடு.

"வந்திருச்சா?" என்றேன்.

"இரு, அது வேலைய முடிக்கட்டும்" என்று சொல்லி, இதழ் கிழித்த ஆண் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, அது வெளியே வரும்வரை குடையைப் பூவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.